வேலு நாச்சியாரும் ஜான்சி ராணிப் படையும்



மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24-இல் தூக்கிலிடப்பட்ட ஊர் இத்திருப்பத்தூர். அவர்கள் துணைநின்ற அரசி வேலு நாச்சியார். 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதர் வீழ்ந்தபின், கைம்மையில் ஒடுங்காது, மகள் வெள்ளச்சியுடன் எல்லை கடந்து விருப்பாச்சியில் தங்கினார். ஐதர் அலியிடம் படையுதவி பெற்றார். 1780-இல் சிவகங்கையை மீட்டார்.

1943-இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த பெண்கள் படையில் மலேயா ரப்பர்த் தோட்டத் தமிழ்ப் பெண்கள் திரளாகச் சேர்ந்தனர். அப்படைக்குச் சூட்டப்பட்ட பெயர் ஜான்சி ராணி. 1857-இல் போரிட்ட அவ்வரசியின் புகழுக்குக் குறைவில்லை. ஆயினும் அவருக்கு 77 ஆண்டுகள் முன்பே நாடு மீட்ட தமிழரசியின் பெயர் அத்தமிழ்ப் பெண்களின் படைக்கு வாய்க்கவில்லை.

நாச்சியாருக்கு அஞ்சல் தலை வந்ததே 2008-இல்தான். எழுதப்படாத வீரம் கடல் கடப்பதில்லை. பெண்டிர் வரலாற்றை ஊர்தோறும் தேடி எழுதுவது இலக்கிய வட்டங்களின் கடன்.