முதலும் ஊரும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். நானோ நூற்பாலையில் எண்ணெய்க் கறையோடு காலம் கழித்தவன். "கடல் கடந்து வாழ்ந்த அனுபவத்தைச் சொல்லுங்கள்" என்று செயலாளர் அவர்கள் பணித்தபோது முதலில் தயங்கினேன். பின்னர் ஒரு காரணம் பற்றி உடன்பட்டேன்.

சில திங்களாக நம் காலனியில் ஒரு விளம்பரத் தாள் கைக்குக் கை மாறி வருகிறது. பச்சை வயல், தென்னந்தோப்பு, பின்னே ஓர் எரிமலை, முன்னே ஓர் அழகிய மனை. இந்தோனேசியாவில் யாரும் அறியாத கிராமம் ஒன்றில் இப்போதே நிலம் வாங்கினால் ஓய்வுக் காலத்தில் அங்கே அமைதியாக வாழலாம், இல்லாத நாளில் வாடகையும் வரும் என்று அதில் அச்சிட்டிருக்கிறது. ஓய்வு பெறவிருக்கும் நண்பர் மூவர் தம் சேமநிதியை அதில் இடலாமா என்று என்னைக் கேட்டனர். தனித்தனியே சொல்வதினும் அவையில் சொல்வது நன்று என்று கருதியே இங்கு நிற்கிறேன்.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிக் கூறுகிறேன். வணிகத்தில் இடும் பணத்தை இந்தோனேசிய மொழியில் 'மோடால்' என்பர். அது நம் 'முதல்' என்னும் சொல்லேயாகும். கப்பல் அங்கே 'காப்பால்', பெட்டி 'பெத்தி', கூலி 'கூலி'யே. இச்சொற்கள் காற்றில் பறந்து போகவில்லை, சரக்கோடு போயின. சுமத்ராவின் மேற்குக் கரையில் பாரூசு என்னும் ஊருக்கு அருகே 1088-ஆம் ஆண்டுக்குரிய தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் நிறுத்தியது அது. அங்கு வரும் கப்பலைச் சேர்ந்தோர் பொன்னாகச் செலுத்த வேண்டிய கட்டணம் அதில் குறிக்கப்பட்டுள்ளது. அந்நிய மண்ணில் பொருள் தேடிய நம் முன்னோர், தம் ஏற்பாட்டை யாவரும் படிக்கக் கல்லில் வெட்டி வைத்தனர். இதனை மனத்திற் கொள்ள வேண்டுகிறேன், பின்னர் பயன்படும்.

நிற்க. அகமதாபாத்தில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட காலத்தில் நான் வேலை இழந்தேன். 1994-இல் மத்திய ஜாவாவில் ஒரு நூற்பாலையில் இடம் கிடைத்தது. யோக்யகர்த்தாவுக்கும் சோலோவுக்கும் இடையே உள்ள தொலைவு சுமார் 60 கிலோமீட்டர். அவ்விரு நகரங்களுக்கும் நடுவே மெராப்பி எரிமலையின் கிழக்குச் சாரலில் விரிந்து கிடப்பது கிளாட்டன் மாவட்டம். அங்கே ஒரு சிற்றூரில் வாடகைக்கு வீடு எடுத்துக் குடும்பத்தோடு குடியேறினேன். நாம் 'தேசம்' என்பதை அவர்கள் 'தேசா' என்பர். ஆனால் அவர்க்கு அது ஊரையே குறிக்கும். ஊரே உலகம் என்று வாழ்ந்த மக்களுக்கு அது பொருத்தமான பொருளே அன்றோ!

குடிபுகுந்த அன்றே அண்டை வீட்டுப் பெரியவர் வந்து, தெருத் தலைவரிடம் பெயரைப் பதிந்துகொள்ளுமாறு அறிவுறுத்தினார். எந்த ஊரிலும் புதியவர் 24 மணி நேரத்துக்குள் அவ்வாறு தெரிவித்தல் வேண்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சிறு கிண்ணம் தொங்கக் கண்டேன். இரவு தோறும் அதில் ஒரு கைப்பிடி அரிசி இடுவர். காவல் சுற்றி வருவோர் அதனைத் திரட்டி ஊர்ப் பொதுச் செலவுக்குச் சேர்ப்பர். 'ஜிம்பித்தான்' என்பது அதன் பெயர். நம் பிடியரிசியே அது! பெண்டிர் மாதந்தோறும் கூடி 'அரிசான்' நடத்துவர். குலுக்கலில் பெயர் விழுந்தவருக்கு அம்முறைத் தொகை முழுவதும் சேரும். என் துணைவியார் அதைக் கண்டதும், "இது நம் ஊர்க் குலுக்குச் சீட்டுத்தானே!" என்று மகிழ்ந்து முதல் மாதமே சேர்ந்துவிட்டார்.

ஐந்து நாள் சுழற்சியில் வரும் சந்தை, திருமண வீட்டில் தெருவே கூடிச் சமைக்கும் வழக்கம், மூத்தோரிடம் ஒரு சொல்வகையும் ஒத்தோரிடம் வேறொரு சொல்வகையும் பேசும் ஜாவானிய மொழியின் நுட்பம் ஆகியவற்றைத் தனித்தனியே பேசலாம். அண்மையிலேயே பிரம்பானான் உள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டின் சிவன் கோயில். 47 மீட்டர் உயரம். 1961 முதல் அதன் அருகே இராமாயண நாட்டியம் நடைபெற்று வருகிறது. ஆடுவோருள் பெரும்பாலோர் இஸ்லாமியர்.

வாழ்வில் இன்னல் இல்லாமலும் இல்லை. நான் சென்றபோது ஒரு டாலருக்கு 2,200 ரூபியா அளவில் இருந்தது. 1997-இல் தொடங்கிய நெருக்கடியில் அது சரிந்து, 1998 ஜனவரியில் 14,000-த்தையும் கடந்தது. ரூபியாவாக நான் சேர்த்து வைத்திருந்தது, நம் நாட்டுக் கணக்கில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காயிற்று. தொகை குறையவில்லை, மதிப்பு மட்டும் கரைந்தது. 'பணம் கரையும், நிலம் கரையாது' என்ற எண்ணம் அன்றுதான் என் மனத்தில் வேரூன்றியது.

அவ்வெண்ணமே என்னைத் தவறிழைக்கச் செய்தது. 2003-இல் வயலோரத்தில் ஒரு மனை விலைக்கு வந்தது. அந்நியனாகிய நான் அதனைச் சொந்தமாக வாங்க இயலாது என்றனர். "பத்திரத்தை ஒரு நண்பர் பெயரில் எழுதுங்கள், உங்களுக்குள் தனியாக ஓர் ஒப்பந்தம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கின்றனர்" என்று ஒருவர் யோசனை கூறினார். ஆலையில் என்னோடு பணியாற்றிய மேற்பார்வையாளர் ஒருவர் தம் பெயரைத் தர இசைந்தார். மகளின் திருமணத்துக்கென வைத்திருந்த பணம் அதில் போயிற்று. அவர் மிக நல்லவர். ஒரு நாளும் என்னை வஞ்சித்தவரல்லர். ஆனால் 2009-இல் அவர் காலமானார். அவருடைய பிள்ளைகள் கையில் சான்றிதழ் இருந்தது. அதில் தந்தையின் பெயர் இருந்தது. குடும்பக் கடனுக்காக அதனை விற்றனர். என் தாளைக் காட்டினேன். "ஐயா, அப்பா எங்களிடம் எதுவும் சொல்லவில்லையே" என்றனர். அவர்கள் பொய் சொன்னதாக இன்றும் நான் கருதவில்லை.

வழக்குத் தொடரலாமா என்று ஒரு சட்ட அறிஞரைக் கேட்டேன். அவர் 1960-ஆம் ஆண்டின் 5-ஆம் எண் நிலச் சட்டத்தை எடுத்து, 26-ஆம் பிரிவைப் படித்துக் காட்டினார். 'ஹக் மிலிக்' எனப்படும் முழு உரிமையை நேராகவோ மறைமுகமாகவோ அந்நியனுக்கு மாற்றும் எந்த ஏற்பாடும் செல்லாது. அந்நிலம் அரசைச் சேரும். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் முடியாது. வழக்கில் வென்றாலும் நிலம் எனக்கு வாராது. அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் தொல்லை விளையும். வாய் மூடித் திரும்பினேன். என் துணைவியார் இன்று முன் வரிசையில் அமர்ந்திருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையேனும் அவர் அதனைச் சொல்லிக் காட்டியதில்லை. அதுவே எனக்குப் பெருஞ்சுமை.

அன்பர்களே! இனி அந்த மூன்று நண்பர்களின் கேள்விக்கு வருகிறேன். நம் நாட்டுச் சட்டம் பணம் அனுப்புவதைத் தடுக்கவில்லை. ஒருவர் ஓராண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம், வீடும் வாங்கலாம். தடை அந்த நாட்டில் இருக்கிறது. தங்கும் அனுமதி பெற்ற அந்நியருக்கு அங்கே கிடைக்கக்கூடியது 'ஹக் பாக்காய்' என்னும் பயன்பாட்டு உரிமையாகும். 2021-ஆம் ஆண்டின் விதிப்படி அது முதலில் 30 ஆண்டு. பின் 20 ஆண்டு நீட்டிக்கலாம். பின்னும் 30 ஆண்டு புதுப்பிக்கலாம். ஆனால் அந்நியர் வாங்கும் வீட்டுக்கு மாகாணந்தோறும் குறைந்த அளவு விலை வகுக்கப்பட்டுள்ளது. சிற்றூரின் மலிவான வீடு உள்ளூராருக்கே உரியது. குத்தகைக்கு எடுத்தல் மற்றொரு நேரிய வழி. ஆண்டு முடிந்தால் நிலம் உடையவருக்குத் திரும்பும்.

கம்பெனி தொடங்கினால் நிலம் பெறலாமே என்பர். அந்நிய முதலீட்டுக் கம்பெனியின் திட்டம், நிலமும் கட்டடமும் நீங்கலாக, 1,000 கோடி ரூபியாவுக்கு மேற்பட்டதாக இருத்தல் வேண்டும். நம் பணத்தில் ஐந்து கோடி ரூபாய்க்கும் மேல். 2022-இல் வந்த 'இரண்டாம் இல்லம்' என்னும் நீண்ட காலத் தங்கும் அனுமதிக்கோ அப்போது 200 கோடி ரூபியா இருப்புக் காட்ட வேண்டியிருந்தது. அதாவது ஒரு கோடி ரூபாய்க்கு மேல். சேமநிதிக்காரர் நிலை இதிலிருந்தே விளங்கும். வயலை மனையாக்குவதற்கும் தடை உண்டு. உணவுப் பயிர் நிலங்களைக் காக்க 2009-இல் தனிச் சட்டமே இயற்றியுள்ளனர். ஆகவே, அத்தகைய விளம்பரத் தாளைக் கொணர்பவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சான்றிதழில் யார் பெயர் இருக்கும்?" விடை உங்கள் பெயர் அன்று எனில், எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியாயின் அக்கிராமங்களில் முதல் போட்டுப் பயன் கண்டவர் எவருமே இல்லையோ எனில், உண்டு. அவர்கள் அந்த ஊராரே ஆவர்.

கிளாட்டன் மாவட்டத்திலே பொலான்ஹர்ஜோ வட்டாரத்தில் பொங்கோக் என்று ஓர் ஊர். வெளிநாட்டார் பலர் பெயரும் கேட்டிராத சிற்றூர். முன்னர் வறிய ஊர்களின் பட்டியலில் இருந்தது. அங்கிருந்த செல்வம் ஒன்றே. மெராப்பிச் சாரலிலிருந்து ஊறி வரும் தெளிந்த நீரூற்று. மக்கள் அதிலே குளித்தனர், துணி துவைத்தனர். 2009-இல் ஊர்ப் பொது நிறுவனம் ஒன்றைத் தொடங்கினர். 'தீர்த்தா மண்டிரி' என்று பெயரிட்டனர். தீர்த்தம் என்பது நமக்கும் நீரே! ஊற்றைத் தூய்மை செய்து, நீச்சலுக்கும் நீருக்கடியில் படம் எடுத்துக்கொள்வதற்கும் ஏற்ற இடமாக்கினர். ஸ்கூட்டர் ஒன்றை நீருக்கடியில் நிறுத்தி, அதன்மேல் அமர்ந்து, சுற்றி மீன்கள் நீந்தப் படம் எடுத்துக்கொள்ள இளைஞர் திரளாக வந்தனர்.

பணத்துக்கு வெளியாரை நாடியிருக்கலாம். ஊராரோ தாமே முதல் போட்டனர். குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபியா என்ற அளவில். நம் கணக்கில் முப்பதினாயிரம் ரூபாய்க்கும் உட்பட்ட தொகை. பணக்காரர் ஒருவரே எல்லாப் பங்கையும் வாங்கிக்கொள்ளாதபடி அந்த வரம்பு காத்தது. 2016-இல் அந்நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 1,000 கோடி ரூபியாவைக் கடந்தது. அந்நியக் கம்பெனியிடம் அரசு கேட்கும் முதலீட்டின் அளவை ஓர் ஊற்று ஓராண்டில் ஈட்டித் தந்தது! வருவாயில் ஒரு பகுதி ஊரின் பொதுநலத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் சென்றது. 2014-இல் இயற்றிய ஊராட்சிச் சட்டமும், 2015 முதல் ஊர்களுக்கு நேராக வரும் அரசு நிதியும் இத்தகைய முயற்சிகளுக்குத் துணை புரிந்தன. 2020-இல் பெருந்தொற்று வந்தபோது சுற்றுலா இடங்கள் எல்லாம் மூடப்பட்டன. சுற்றுலாவை நம்பிய முதலுக்கு அந்த அபாயம் என்றும் உண்டு. ஆயினும் ஊற்று ஊராருடையதாகவே இருந்தது.

அந்த நிறுவனத்தில் உங்களுக்கோ எனக்கோ பங்கு கிடைக்காது. அதில் எனக்குக் குறையில்லை. ஊரில் இருப்பவனே ஊரின் முதலுக்கு உடையவன் என்பது நேர்மையே.

இறுதியாக ஒரு செய்தி. 2006 மே 27 அன்று, காலை ஆறு மணிக்குச் சற்று முன், நில நடுக்கம் உண்டாயிற்று. யோக்யகர்த்தாவிலும் கிளாட்டனிலும் 5,700-க்கு மேற்பட்டோர் மாண்டனர். எங்கள் வாடகை வீட்டின் சமையலறைச் சுவர் சாய்ந்தது. ஊரிலே பல வீடுகள் முற்றும் விழுந்தன. ஊரார் கூடி, முறை வைத்து, ஒவ்வொரு வீடாக இடிபாட்டை அகற்றிக் கூரை அமைத்தனர். மூன்றாம் நாள் எங்கள் வாசலுக்கு வந்தனர். "நான் வாடகைக்கு இருப்பவன், அந்நியன், மற்றவர்களுக்கு முதலில் செய்யுங்கள்" என்றேன். அண்டை வீட்டுப் பெரியவர் வாசலில் தொங்கிய அரிசிக் கிண்ணத்தைக் கையால் தொட்டுக் காட்டி, "உங்கள் முறை இன்றுதான் வருகிறது, ஐயா" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளாக என் துணைவியார் இரவு தோறும் இட்ட அரிசி அது. நிலத்தில் நான் போட்ட முதல் போயிற்று. கிண்ணத்தில் அவர் போட்ட முதல் வீட்டுக்குச் சுவரும் கூரையுமாகத் திரும்பி வந்தது.

நாமும் இந்த நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்களே. நம் சங்கத்துக்கென ஒரு படிப்பகம் எழுப்பப் பல ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். பெருந்தொகை தரும் ஒருவரைத் தேடித் தேடியே காலம் கழிகிறது. குடும்பத்துக்கு ஒரு சிறு பங்கு, அதற்கு ஒரு மேல் வரம்பு, யாவரும் படிக்கும்படி அறிவிப்புப் பலகையில் மாதக் கணக்கு. இவ்வளவு போதும் என்று பணிவோடு விண்ணப்பிக்கிறேன். பாரூசில் நம்மவர் கல்லில் எழுதினர். நாம் பலகையில் எழுதினாலும் போதும். முதற்பங்கைச் செலுத்த என் துணைவியார் ஆயத்தமாக இருக்கிறார். பெயர் அவர் பெயரிலேயே இருக்கட்டும்.