இல்லையென்ற முடிவுக்கு அப்பால்



ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஒருவரின் இரத்தத்தில் தாம் கண்ட விசித்திரமான புரதத்தைப் பற்றி பாரூக் பிளம்பர்க் 1965-ஆம் ஆண்டில் எழுதியபோது, அது ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறை என்பதை அவரே அறிந்திருக்கவில்லை. தைவானில் 22,707 ஆண்களைத் தொடர்ந்து கவனித்துவந்த பாமர் பீஸ்லியும் அவருடைய சகாக்களும், கல்லீரல் புற்றுநோயால் மாண்ட 41 பேரில் 40 பேர் அந்தப் புரதத்தை இரத்தத்தில் சுமந்தவர்களே என்று 1981-இல் வெளியிட்ட பின்னர்தான், இவ்வைரஸுக்கும் அப்புற்றுநோய்க்கும் உள்ள சம்பந்தம் சந்தேகத்துக்கு இடமின்றி ருசுவாயிற்று.

ஆயினும், அந்தப் புரதம் இரத்தத்தில் தென்படாதவர்களுக்கும் இப்புற்றுநோய் வருகிறதே, அவர்களைப் பற்றி நாம் என்ன சொல்வது? இத்தாலியின் மெஸ்ஸினா நகரத்து ஆராய்ச்சியாளர்கள், மேலுறைப் புரதம் இல்லையென்று பரிசோதனை முடிவு பெற்ற நோயாளிகளின் கல்லீரல் திசுவையே நேராகச் சோதித்து 2004-இல் வெளியிட்ட விவரம் இதற்கு விடை தருகிறது. புற்றுநோய் கண்ட 107 பேரில் 68 பேரின் கல்லீரலில் வைரஸின் மரபணு இருந்தது. புற்றுநோயின்றி நாள்பட்ட கல்லீரல் அழற்சி மட்டும் உடைய 192 பேரிலோ 63 பேரிடமே இருந்தது.

உடலின் எதிர்ப்புச் சக்தியால் அடக்கப்பட்டு, இரத்தத்தில் அநேகமாக அடையாளமே காட்டாமல், உயிரணுவின் உட்கருவுக்குள் மூடிய வளைய வடிவில் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கும் இவ்வைரஸ், தன் மரபணுத் துண்டுகளை நம் மரபணுவோடு பிணைத்துவிடவும் வல்லது; அப்பிணைப்பு உயிரணுப் பெருக்கத்தின் கட்டுப்பாட்டைக் குலைப்பதோடு, மெல்லிய அழற்சியும் ஓயாமல் நீடித்தால், புற்றுக்கு வழி திறக்கிறது. மறைந்த தொற்றுடைய அனைவருக்கும் இக்கதி நேர்வதில்லை. கல்லீரல் சுருங்கியவர்களிடமும், ஹெபடைடிஸ் சி சேர்ந்தவர்களிடமுமே நம் கவலை அதிகமாக இருக்கவேண்டும்.

மஞ்சள் இறங்கிவிட்டது என்றதும் வியாதியே விலகிவிட்டதாக நிம்மதி அடைவது நம் குடும்பங்களின் வழக்கம்; அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மேலுறைப் புரதம் இல்லை என்னும் ஒரே சீட்டைக் கண்டு மருத்துவரும் அதே நிம்மதியில் ஓய்ந்துவிடுவது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. அந்தச் சீட்டு கூறும் பதில், கேட்ட ஒரு கேள்விக்கு மாத்திரமே உரியது.

ஆகவே, இளம் மருத்துவர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். புற்றுநோய்க்கான கீமோதெரபியையோ, எதிர்ப்புச் சக்தியைத் தணிக்கும் ரிட்டுக்ஸிமாப் போன்ற மருந்தையோ தொடங்குமுன், வைரஸின் உட்கருப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருளையும் தவறாமல் சோதியுங்கள். உறங்கிய வைரஸ் அவ்வேளையில் விழித்தெழுந்து உயிரையே பறித்ததுண்டு. காரணம் தெரியாமல் கல்லீரல் சுருங்கிய நோயாளியை, இரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கிறதென்று அனுப்பிவிடாமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேனுக்கு வரச் சொல்லுங்கள். பிறக்கும் குழந்தை ஒவ்வொன்றுக்கும் 24 மணி நேரத்துக்குள் இவ்வைரஸுக்கு எதிரான முதல் தடுப்பூசி கிடைக்கச் செய்யுங்கள்.