டைல்ஸுக்கு முன்னால் சுவரைப் பாருங்கள்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் அடுக்ககத்தில் குளியலறைகளைப் புதுப்பிக்கும் வேலை ஒவ்வொரு வீடாக நடக்கிறது. பழைய டைல்ஸையும் பூச்சையும் உடைத்தால், உள்ளே செங்கல் சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கிறது. "மறுபடி பூசினா ரொம்ப நாளாகும் சார், ஜிப்சம் போர்டு அடிச்சு அதுமேல டைல்ஸ் ஒட்டிடலாம்" என்று யாராவது சொன்னால், தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். நான் சம்மதித்தவன். அதனால்தான் சொல்கிறேன்.

ஒன்றரை வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் கீழ்வீட்டு அம்மா வந்து, "சார், எங்க பெட்ரூம் சீலிங்கைக் கொஞ்சம் பாருங்க" என்றார். ஈரம் படர்ந்து பெயிண்ட் உரிந்திருந்தது. என் ஷவர் பக்கத்து டைல்ஸைப் பெயர்த்தபோது, போர்டு ஊறின பிஸ்கட் மாதிரி கையோடு வந்தது. இரண்டு வீட்டுச் செலவும் என் தலையில். மாடிப்படியில் அவர் முகத்தைப் பார்க்கவே கூசியது.

காரணம் எளிது. டைல்ஸ் இடுக்கில் அடைக்கும் கிரவுட் தண்ணீரை முழுதாகத் தடுக்காது. ஜிப்சம் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். போர்டின் இரு பக்கமும் ஒட்டியிருப்பது காகிதம்; ஈரமானால் பூசணம் பிடிக்கும். பச்சை நிறப் போர்டும் காற்றின் ஈரத்தைத்தான் தாங்கும், மேலே விழும் தண்ணீரை அல்ல. வீட்டுக்கு வீடு ஜிப்சம் போர்டு அடிக்கும் அமெரிக்காவிலேயே, 2006 கட்டட விதிகள் ஷவர் டைல்ஸுக்குப் பின்னால் அதை விலக்கிவிட்டன.

காஞ்சிபுரத்துக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்? பாவு சரியில்லாத புடவையை ஜரிகை காப்பாற்றாது.

முதலில் தூக்குக் குண்டு விட்டுச் சுவர் எங்கே தள்ளியிருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவரை நனைத்து, ஒரு பங்கு சிமெண்டுக்கு நாலு பங்கு மணல் கலந்து பூச வேண்டும். ஒரு தடவைக்கு 15 மி.மீ. போதும். பள்ளம் அதிகமானால் முதல் பூச்சைக் கீறிவிட்டு, அது இறுகிய பிறகு இரண்டாவது பூச்சு. 7 நாள் தண்ணீர் தெளித்து ஆறவிடுங்கள்.

அது காய்ந்ததும் வாட்டர்புரூஃபிங் இரண்டு கோட்: தரை, மூலைகள், குழாய் வாய்கள், ஷவர் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் வரை. பிறகு தரையில் தண்ணீர் போகும் வழியை அடைத்து, 24 மணி நேரம் தண்ணீரைத் தேக்குங்கள். கீழ்வீட்டில் போய்ப் பாருங்கள். கசிவில்லை என்றால் மட்டுமே டைல்ஸ்.

போர்டு தவிர்க்க முடியாத இடமானால் சிமெண்ட் போர்டு போடுங்கள். இணைப்புகளுக்கு டேப் ஒட்டி, அதன் மேலும் வாட்டர்புரூஃபிங் அடிக்க வேண்டும்.

டைல்ஸின் நாலு மூலையிலும் நடுவிலும் மட்டும் கலவை வைத்து ஒட்ட விடாதீர்கள். பின்னால் வெற்றிடத்தில் தண்ணீர் தங்கும். ஐ.எஸ். 15477 என்று போட்ட ஒட்டுக்கலவையைப் பல் கரண்டியால் முழுதும் பரப்பச் சொல்லுங்கள். இறுகியதும் ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டிப் பாருங்கள். வங்கியில் நாணயம் எண்ணிய பழக்கம் எனக்கு இதற்குத்தான் உதவுகிறது! பொள்ளலாகச் சத்தம் வந்தால், கிரவுட் போடுவதற்கு முன்பே எடுத்து மாற்றிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. வேலை தொடங்கும் முன் கீழ்வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நம் தரைதான் அவர்கள் கூரை.