தவறவிட்டவர் கையில் மீண்டும் பந்து
(வானொலி மறையுரை: பாஸ்கா காலம் 3-ஆம் ஞாயிறு)



2021-ஆம் ஆண்டு, ஜூலை 12, திங்கள்கிழமை. காலைத் திருப்பலிக்கு நான் தயாராகிக்கொண்டிருந்தபோது, கடற்கரைப் பங்கு ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அலைபேசியில் அழைத்தார். குரலில் தூக்கம் இல்லாத களைப்பு. அதைவிட அதிகமாகக் கோபம்.

"சாமி, மேட்ச் பாத்தீங்களா? விடிய விடிய முழிச்சிருந்து பாத்தேன். அவ்வளவு தூரம் வந்துட்டு, கடைசியில இப்படியா கோட்டை விடுவாங்க? இவங்களுக்கு நெஞ்சுல உரமே கிடையாது சாமி. இனிமே இங்கிலாந்து ஆட்டம்னா டி.வி. பக்கமே போகமாட்டேன்."

அவரைச் சமாதானப்படுத்த வேண்டிய நான் என்ன செய்தேன் தெரியுமா? "அந்தச் சின்னப் பையன்கிட்ட போய் கடைசிப் பெனால்டியைக் கொடுத்தா வேற என்னப்பா நடக்கும்?" என்று நானும் சேர்ந்து புலம்பினேன். அதன்பின் திருவுடை அணிந்து, பீடத்தின் முன் நின்று, "ஆண்டவரே இரக்கமாயிரும்" என்று சொன்னேன். இரக்கத்தை எனக்காகக் கேட்டேன். அந்தச் சின்னப் பையனுக்காகக் கேட்கத் தோன்றவில்லை.

கால்பந்து பார்க்காதவர்களுக்காக, அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம், இலண்டன் வெம்ப்ளி மைதானத்தில். இங்கிலாந்தும் இத்தாலியும் ஆளுக்கு ஒரு கோல் அடித்துச் சமநிலை. கூடுதல் நேரத்திலும் முடிவு இல்லை. எனவே பெனால்டி ஷூட் அவுட். அணிக்கு ஐந்து பேர், ஒருவர் பின் ஒருவராக வந்து, 11 மீட்டர் தொலைவிலிருந்து பந்தை அடிக்க வேண்டும். எதிரே கோல்கீப்பர் ஒருவர் மட்டுமே. இங்கிலாந்தின் மார்கஸ் ராஷ்போர்ட் அடித்த பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. ஜேடன் சாஞ்சோ அடித்ததைக் கோல்கீப்பர் தடுத்துவிட்டார். ஐந்தாவதாக வந்தவர் புகாயோ சாகா. வயது 19. அவர் அடித்ததும் தடுக்கப்பட்டது. கோப்பை இத்தாலிக்குப் போனது.

இங்கிலாந்து ரசிகர்களுக்கு இது புது வலி அல்ல. 1990, 1996, 1998, 2004, 2006, 2012 என்று, உலகக் கோப்பையிலும் ஐரோப்பியக் கோப்பையிலுமாக ஆறு முறை அவர்கள் அணி இதே பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்று வெளியேறியது. அப்பா அழுததைப் பார்த்த மகன், பிறகு தானும் அழுதிருப்பான். "நம்ம ஆளுங்களுக்குத் திறமை உண்டு, மன உறுதிதான் இல்லை" என்பது அந்த நாட்டில் பழமொழி போலவே ஆகிவிட்டது.

இப்படிக் கோபப்படுவது தவறா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். அன்பு இல்லாத இடத்தில் ஏமாற்றமும் இல்லை. தூக்கத்தை விட்டு, கைக்காசைச் செலவழித்து, ஓர் அணியைத் தன் சொந்தம்போல் நேசிப்பவருக்கு, அந்த அணி தளர்ந்துபோவதைப் பார்க்கும்போது வலிக்கத்தான் செய்யும். ஆனால், அந்த வலியோடு நாம் அடுத்து என்ன செய்கிறோம்? அங்கேதான் கேள்வி இருக்கிறது.

நார்வே நாட்டைச் சேர்ந்த கெய்ர் யோர்டெட் என்ற ஆய்வாளர், பெரிய போட்டிகளின் பெனால்டிகளைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். அவர் கண்டவற்றில் இரண்டைச் சொல்கிறேன். 'இதை அடித்தால் வெற்றி' என்ற நிலையில் வரும் வீரர்களில், நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கோல் அடித்துவிடுகிறார்கள். 'இதைத் தவறவிட்டால் தோல்வி' என்ற நிலையில் வருபவர்களிலோ, நூற்றுக்குச் சுமார் அறுபது பேருக்குத்தான் கோல் விழுகிறது. பந்து அதேதான், தூரமும் அதேதான். மாறியது மனதில் இருக்கும் அச்சம் மட்டுமே. இரண்டாவது, நடுவர் விசில் ஊதியதும், 'எப்படியாவது முடிந்தால் போதும்' என்று அவசரப்பட்டு அடிப்பவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். அப்படி மிக அவசரப்பட்டவர்கள் இங்கிலாந்து வீரர்கள்.

ஏன் அந்த அவசரம்? தவறவிட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதை அவர்கள் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்தவர்கள். யாருடைய பெயர் எத்தனை ஆண்டுகள் கேலிக்கு உள்ளானது என்பது அவர்களுக்குத் தெரியும். கோல்கீப்பரை விட, நாளைய பழிச்சொல்தான் அவர்களை அதிகம் மிரட்டியது. அன்பார்ந்தவர்களே, "உனக்கு மன உறுதி இல்லை" என்று நாம் திரும்பத் திரும்பச் சொல்லும்போது, இருக்கும் உறுதியையும் நாமே பறித்துவிடுகிறோம்.

இன்றைய நற்செய்தியிலும் இப்படி ஒருவரைச் சந்திக்கிறோம். திருத்தூதர் பேதுரு. 'எல்லாரும் ஓடினாலும் நான் ஓடமாட்டேன், உமக்காக உயிரையும் கொடுப்பேன்' என்று மற்றவர்கள் முன்னிலையில் சொன்னவர். தலைமைக் குருவின் முற்றத்தில், கரிநெருப்பின் அருகே குளிர்காய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு பணிப்பெண்ணின் கேள்விக்கு முன்னால் தளர்ந்துபோனார். ஒரு முறை அல்ல, மூன்று முறை. நாம் அங்கே பார்வையாளர்களாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்போம்? "வாய்ச்சொல் வீரன்! நெஞ்சில் உரம் இல்லாதவன்! இவனையா தலைவனாக வைப்பது?"

உயிர்த்த ஆண்டவர் அப்படிச் சொல்லவில்லை. திபேரியக் கடற்கரையில், இரவெல்லாம் வலை வீசி ஒன்றும் கிடைக்காமல் திரும்பியவர்களுக்கு, விடியற்காலையில் அவர் உணவு ஆயத்தம் செய்து வைத்திருக்கிறார். அங்கேயும் கரிநெருப்பு. யோவான் நற்செய்தியில் இந்தக் கரிநெருப்பு இரண்டே இடங்களில்தான் வருகிறது. மறுதலித்த இடத்தில் ஒன்று, மன்னிப்புப் பெற்ற இடத்தில் ஒன்று. பேதுரு எந்த நெருப்பைப் பார்க்கவே கூசியிருப்பாரோ, அதன் அருகிலேயே ஆண்டவர் அவரை உட்கார வைத்து, முதலில் சாப்பிடச் சொல்கிறார்.

அதன்பின், தம்மை அன்பு செய்கிறாயா என்று மூன்று முறை கேட்கிறார். மூன்றாவது முறை கேட்டபோது பேதுருவுக்கு மனம் வருந்தியது என்று நற்செய்தி சொல்கிறது. இதைக் கவனியுங்கள். 'பரவாயில்லை, விடு' என்று சொல்லி ஆண்டவர் நடந்ததை மூடி மறைக்கவில்லை. தவற்றைத் தொடுகிறார். ஆனால், அதைத் தொடும்போதே தம் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பையும் அவர் கையில் கொடுக்கிறார். தோற்றுப்போன அதே இடத்திற்கு, அதே மனிதரை, மீண்டும் அனுப்புகிறார்.

இங்கிலாந்து அணிக்கு வருவோம். 2016 முதல் அதன் பயிற்சியாளராக இருந்தவர் காரெத் சவுத்கேட். 1996-இல், இதே வெம்ப்ளியில், ஜெர்மனிக்கு எதிரான அரையிறுதியில் பெனால்டியைத் தவறவிட்டவர் அவரே. அந்த வலி அவருக்குத் தெரியும். 1998-இல் இங்கிலாந்துக்காகக் கடைசிப் பெனால்டியை அடிக்க வந்தவர், அதற்குமுன் தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட பெனால்டி அடித்ததில்லை. சவுத்கேட் அந்த நிலையை மாற்றினார். பெனால்டியை ஒழுங்காகப் பயிற்சி செய்ய வைத்தார். விசில் ஊதியபின் அவசரப்படாமல், மூச்சை இழுத்து நிதானிக்கக் கற்றுக்கொடுத்தார். 2018 உலகக் கோப்பையில், கொலம்பியாவுக்கு எதிராக, அந்த ஷூட் அவுட்டில் அவர்கள் வென்றார்கள்.

2021-இல் மீண்டும் தோற்றபோது, அவர் முதலில் சொன்னது, பெனால்டி அடிப்பவர்களைத் தேர்ந்தெடுத்தது தானே, பொறுப்பும் தன்னுடையதே என்பதுதான். அன்றிரவு அந்த மூன்று கறுப்பின இளைஞர்கள் மீதும் சமூக ஊடகங்களில் கொட்டப்பட்ட இனவெறி வார்த்தைகளை இந்த வானொலியில் சொல்ல முடியாது. மான்செஸ்டரின் விதிங்டன் பகுதியில், ஒரு சுவரில் வரையப்பட்டிருந்த ராஷ்போர்டின் ஓவியத்தை யாரோ அசிங்கப்படுத்தினார்கள். மறுநாள் அக்கம்பக்கத்து மக்கள் வந்தார்கள். சிறுவர்களும் வந்தார்கள். காகித இதயங்களையும், கைப்பட எழுதிய கடிதங்களையும் ஒட்டி, அந்த வசைச் சொற்கள் வெளியே தெரியாதபடி மறைத்துவிட்டார்கள். அவர்களும் ரசிகர்கள்தான். அவர்களுக்கும் அந்தத் தோல்வி வலித்தது. ஆனால், வலியை எடுத்துக்கொண்டு அவர்கள் வேறு பக்கம் நடந்தார்கள்.

மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2024 ஜூலை 6, ஜெர்மனியின் டியூசல்டார்ஃப் நகரம். ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில், சுவிட்சர்லாந்துக்கு எதிராக இங்கிலாந்து ஒரு கோல் பின்தங்கியிருந்தது. 80-ஆவது நிமிடத்தில் சமநிலை கோலை அடித்தவர் புகாயோ சாகா. ஆட்டம் மீண்டும் ஷூட் அவுட்டுக்குப் போனது. மூன்றாவதாகப் பந்தை எடுத்து வைத்தவரும் அவரே. அடித்தார். கோல்! பெனால்டி அடித்துவிட்டுத் திரும்பும் ஒவ்வொருவரையும் எதிர்கொண்டு அழைத்துவர, அன்று அணியில் இன்னொரு வீரர் நியமிக்கப்பட்டிருந்தார். அடித்தாலும், தவறவிட்டாலும், யாரும் தனியாக நடந்து திரும்பக் கூடாது என்பதற்காக. அன்று ஐந்து பேரும் கோல் அடித்தார்கள்.

கதை இத்தோடு இனிமையாக முடிந்துவிடவில்லை. இறுதி ஆட்டத்தில் ஸ்பெயினிடம் 2-1 என்று தோற்றார்கள். கோப்பை கிடைக்கவில்லை. சவுத்கேட்டும் பதவி விலகினார். மன்னிப்பு எல்லா ஆட்டத்தையும் வென்று தரும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால், தவறவிட்ட ஒருவர் மீண்டும் துணிந்து முன்னே வர வேண்டுமென்றால், அவரை யாராவது மீண்டும் நம்ப வேண்டும். மன உறுதி என்பது கல்நெஞ்சம் அல்ல. நான் விழுந்தாலும் என்னைக் கைவிடமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வளர்வது அது.

இன்றைய முதல் வாசகத்தைப் பாருங்கள். ஒரு பணிப்பெண்ணுக்கு அஞ்சிய அதே பேதுரு, இப்போது தலைமைக் குருவின் முன்னிலையில், தலைமைச் சங்கத்தின் நடுவே நிற்கிறார். அடிபடுகிறார். மகிழ்ச்சியோடு வெளியே வருகிறார். நடுவில் நடந்தது என்ன? கடற்கரையில் ஒரு காலை உணவு. மூன்று கேள்விகள். அன்புள்ள ஒருவரின் நம்பிக்கை. தூய ஆவியாரின் துணை.

முதலில் சொன்ன அந்த இளைஞருக்கு வருகிறேன். அவர் அனுமதியோடுதான் சொல்கிறேன். அவர் அரசுப் பணித் தேர்வு எழுதினார். சில மதிப்பெண்களில் தவறிப்போனது. மறுபடியும் எழுதினார். மறுபடியும் தவறியது. ஒருநாள் வீட்டில், உறவினர்கள் இருக்கும்போதே, அவருடைய அப்பா சொன்னாராம்: "உனக்கு எல்லாம் இருக்கு. நெஞ்சுல உரம்தான் இல்ல." என்னிடம் வந்து அழுதார். "சாமி, அன்னைக்கு நான் சாகாவைச் சொன்ன அதே வார்த்தை. அப்படியே எங்கப்பா வாயிலிருந்து வந்துச்சு. அதுக்கப்புறம் புத்தகத்தைத் தொடவே பயமா இருக்கு."

அவருடைய தந்தை கெட்டவர் அல்ல. கடலுக்குப் போய்ச் சம்பாதித்து மகனைப் படிக்க வைத்தவர். நேசித்ததால் ஏமாந்தவர். நான் அவரைச் சந்தித்துப் பேசினேன். நீண்ட நேரம் அமைதியாக இருந்தார். இந்த முறை தேர்வு நாளன்று, மையத்தின் வாசல் வரை மகனுடன் அவரும் போனார். தேர்வு முடியும்வரை வெளியே மரத்தடியில் காத்திருந்தார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால், மகன் வெளியே வந்தபோது, தனியாக நடந்து வரவில்லை.

நம் வீட்டிலும் யாராவது ஒருவர் எதையோ தவறவிட்டு நிற்கிறார். ஒரு பிள்ளை, ஒரு கணவர், ஒரு மருமகள். இந்த வாரம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உட்கார வைத்து, ஒருவேளை உணவு பரிமாறுவோம். பேச வேண்டியதை அதன்பின் பேசுவோம். முடிவில், ஒரு பொறுப்பை மீண்டும் அவர் கையில் கொடுப்போம்.

மன்றாடுவோம்: உயிர்த்த ஆண்டவரே, நாங்கள் தவறிய இடத்திலேயே எங்களைத் தேடி வருகிறீர். விழுந்தவர்களைப் பழிக்கும் எங்கள் நாவை மாற்றியருளும். விழுந்தவர்களோடு சேர்ந்து நடக்கும் கால்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.