சிறு காயமும் பெருங் கடமையும்

உழவன் மண்வெட்டியைப் பிடிப்பதும், தாய் குழந்தைக்குச் சோறூட்டுவதும், தச்சன் உளியைச் செலுத்துவதும் கையினாலேயாம். அத்தகைய கையில் உடைந்த போத்தலின் துண்டொன்று பட்டு அரை அங்குல வெட்டு உண்டாகிறது. வைத்தியசாலையில் இரவுக் கடமையிலிருக்கும் இளம் வைத்தியர் இரண்டு தையல் இட்டு அனுப்பிவிடுகிறார். பத்து நாளிற் காயம் ஆறுகிறது. ஆனால் விரலோ மடங்கவில்லை. தோலைத் தைத்தவர், தோலின் கீழ் அறுந்தது யாதெனப் பார்க்கவில்லை.

கைக் காயத்தின் ஆழத்தை வாயின் அகலங்கொண்டு அளத்தல் கூடாது. விரல்களை அசைக்கும் தசைகளுட் பெரியவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே உள்ளன. அவற்றிலிருந்து கயிறுகள் போன்ற தசைநாண்கள் உள்ளங்கை வழியாக விரல்களுக்குச் செல்கின்றன. அவற்றினருகே நரம்புகளும் நாடிகளும் ஓடுகின்றன. மெல்லிய கண்ணாடித் துண்டு இவற்றையெல்லாம் எளிதில் அறுத்துவிடும்.

ஆதலின், பயிற்சி பெறும் வைத்தியர் ஊசியை எடுக்குமுன் கேட்கவேண்டியவை சில உள. காயம் பட்டது எந்த நேரம்? எதனால்? நோயாளி வலக்கைப் பழக்கமுடையவரா, இடக்கைப் பழக்கமுடையவரா? செய்யும் தொழில் யாது? அடுத்து, கையைத் தொடாமலே பார்த்தல் வேண்டும். உள்ளங்கை மேல்நோக்க, கை தளர்ந்து கிடக்கும்போது, விரல்கள் சுட்டுவிரலிலிருந்து சின்னவிரல் வரை படிப்படியாகக் கூடுதலாக மடிந்திருக்கும். அவற்றுள் ஒன்று மாத்திரம் நீண்டு கிடந்தால், அதை மடக்கும் தசைநாண் அறுந்ததென ஐயுறலாம்.

மடக்கும் தசைநாண்கள் ஒவ்வொரு விரலுக்கும் இரண்டு. பெருவிரலுக்கு மாத்திரம் ஒன்று. விரலின் நடுக் கணுவை அசையாது பிடித்து, நுனியை மடக்கச் சொன்னால் ஆழத்திலுள்ளது தெரியும். மற்ற விரல்களை நீட்டிப் பிடித்து, காயப்பட்ட விரலை மடக்கச் சொன்னால் மேலேயுள்ளது தெரியும். பாதி அறுந்த தசைநாண் அசையும், ஆனால் வலிக்கும். அந்த வலியையும் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.

உணர்ச்சியைச் சோதிப்பது மரக்கச் செய்யும் மருந்தை ஏற்றுமுன் நடைபெறவேண்டும். மருந்தேற்றிய பின் அறுந்த நரம்பும் அறாத நரம்பும் ஒன்றுபோலவே தோன்றும். நோயாளியைக் கண்மூடச் செய்து, விரல் நுனியின் இரு பக்கங்களையும் தனித்தனியே தொட்டுக் கேட்கலாம். சொல்லத் தெரியாத சிறு பிள்ளையாயின், நரம்பறுந்த விரல் நுனி வியர்க்காது உலர்ந்திருக்கும் என்பதை நினைவிற் கொள்ளலாம்.

விரலிலிருந்து குருதி பீறிட்டால், இடுக்கியைக் கண்மூடித்தனமாகச் செலுத்துதல் பெரும் பிழை. விரலில் நரம்பானது நாடிக்கு முன்னால், உள்ளங்கைப் பக்கமாக ஓடுகிறது. உள்ளங்கைப் பக்கத்து வெட்டொன்று நாடியை அறுத்ததாயின், நரம்பும் அறுந்திருக்கக் கூடும். தூய துணியால் அழுத்திப் பிடித்துக் கையை உயர்த்தினாற் குருதி பெரும்பாலும் நிற்கும்.

அறுந்த தசைநாணை யார் இணைப்பது? சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஸ்ரேர்லிங் பன்னெல், 1944ஆம் ஆண்டில் கைச் சத்திரசிகிச்சை பற்றிய பெருநூலை வெளியிட்டவர். உள்ளங்கையின் முன்பகுதியிலிருந்து விரலின் நடுக்கணு வரையுள்ள இடத்தை அவர் யாருக்கும் உரித்தாகாத நிலமென அழைத்தார். அங்கே உடனே தைப்பின், தசைநாண் சுற்றியுள்ளவற்றோடு ஒட்டிக்கொள்ளும் என்பது அக்காலத்து அனுபவம். 1960களின் பிற்பகுதியில் ஹரோல்ட் கிளைனேட் குழுவினர், நுண்ணிய முறையில் தைத்துப் பயிற்சி அளித்தால் அங்கேயும் நற்பயன் கிட்டுமெனக் காட்டினர். இன்று அது தேர்ந்த கைகளின் பணி. இளம் வைத்தியர் காயத்தை நன்கு கழுவி, மூடிக் கட்டி, ஏர்ப்புக்கெதிரான தடுப்பை உறுதிசெய்து, நிபுணரிடம் அனுப்புதலே சிறப்பு.

கையிற் புகும் கிருமிக்கும் நேரம் பார்த்துக் காத்திருத்தல் ஆகாது. சிக்காகோவின் அலன் கனவெல் பெயரால் நான்கு அடையாளங்கள் வழங்குகின்றன. விரல் சற்றே மடிந்து நிற்றல். விரல் முழுவதும் வீங்குதல். தசைநாணின் உறை நெடுக அழுத்தினால் வலித்தல். பிறர் நீட்டினாற் கடும் வலி உண்டாதல். இவை தோன்றின், அன்றே சத்திரசிகிச்சை நிபுணரை அணுகல் வேண்டும். பிறரின் பல்லிற் பட்ட முட்டியின் சிறு காயமும் அவ்வாறே கருதத் தக்கது; அது கணுவினுள் சென்றிருக்கலாம்.

விரலே துண்டுபடின்? 1965ஆம் ஆண்டில் யப்பானின் நாரா நகரில் கொமாற்சு, தமாய் என்னும் இருவர் முற்றாக அறுந்த பெருவிரலை மீண்டும் பொருத்தினர். அறுந்த துண்டை உப்புநீரில் நனைத்த துணியிற் சுற்றி, நீர்புகாத பொலித்தீன் பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்து நோயாளியோடு அனுப்பவேண்டும். பனிக்கட்டியில் நேரே வைத்தலாகாது. உறைந்த தசை மீளாது. வீக்கம் வருமுன் மோதிரத்தைக் கழற்றுதலும் மறக்கத்தக்கதன்று.

கட்டுப் போடுவதிலும் கருத்து வேண்டும். பெரும்பாலும் மணிக்கட்டுச் சற்றுப் பின்னோக்கியும், முட்டிக் கணுக்கள் மடிந்தும், விரல்கள் நீண்டும் இருத்தல் நன்று. இடத்துக்கேற்ப இது மாறும். பின்னர் கையை உயர்த்தி வைத்து, காலம் வாய்த்ததும் அசைக்கத் தொடங்கவேண்டும். இல்லையேல் நன்கு தைத்த கையும் விறைத்துப் போகும்.

நோயாளி தம் காயத்தை வைத்தியரிடம் காட்டும்போது, உண்மையில் தம் தொழிலையே காட்டுகிறார். இரண்டு நிமிடம் கூடுதலாகப் பார்க்கும் பொறுமை, அந்தத் தொழிலைக் காப்பாற்ற வல்லது.