யானை நடந்த எல்லையும் நம் கார் பார்க்கிங்கும்

(நமது சங்கத்தின் பொதுக்குழுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



வங்கியில் கிளார்க்காக வேலை பார்த்தவன் நான். வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாயும் நகராது என்று பழகியவன். அதனால் என் பேச்சும் பதிவேட்டைப் பற்றித்தான்.

சுமேரியர்கள் 5000 ஆண்டுகளுக்கு முன்பே பார்லி, ஆடு, கூலி எல்லாவற்றையும் ஈரக் களிமண்ணில் பதிந்து வைத்தார்கள். பிற்காலத்தில் அந்த நாட்டில் ஒப்பந்தப் பலகையைக் களிமண் உறையால் மூடி, உறையின் மேலும் அதே விவரத்தை எழுதினார்கள். தகராறு வந்தால் உறையை உடைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் திருவாலங்காட்டிலேயே 1905-ல் செப்பேடுகள் கிடைத்தன. முதலாம் ராஜேந்திர சோழனின் 6-ஆம் ஆட்சியாண்டில் பழையனூரை நம் சிவன் கோயிலுக்குக் கொடுத்த சாசனம். மொத்தம் 31 ஏடுகள், வளையத்தில் கோத்து, சோழ முத்திரையுடன். வடமொழியில் 271 வரி, தமிழில் 524 வரி.

சுலோகத்தில் சோழர் குலப் பெருமை. எனக்குப் பிடித்தது தமிழ்ப் பகுதி. அதுதான் ஆபீஸ் வேலை. ராஜா வாயால் சொன்னார். அதோடு விடவில்லை. ஓலை எழுதுபவர் எழுதினார், ஓலை நாயகம் ஒப்பினார், வரிக் கணக்கில் ஏற்றினார்கள். சம்பந்தப்பட்ட அதிகாரிகளின் பெயரும் பதவியும் வரிசையாக இருக்கின்றன. பெண் யானையை எல்லை சுற்றி நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டார்கள்.

இப்போது நம் வீட்டு விஷயம். தூணுக்குப் பக்கத்து பார்க்கிங் யாருக்கு என்று இரண்டு குடும்பங்கள் எட்டு மாதமாகப் பேசிக்கொள்வதில்லை. பழைய கூட்டத்தில் தங்களுக்குத்தான் சொன்னதாக இருவருமே சொல்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் மினிட்ஸ் எழுத வேண்டியவன் நான். "அப்புறம் எழுதிக்கலாம்" என்று விட்டுவிட்டேன். இன்று எனக்கே சரியாக நினைவில்லை. தப்பு என்னுடையது, இரு வீட்டாரும் என்னை மன்னிக்க வேண்டும்.

வரும் ஞாயிறு காலை 7 மணிக்கு எல்லோரும் கீழே வாருங்கள். ஒன்றாக நடந்து, பேசி முடித்து, பெயிண்டில் கோடு போட்டு, வரைபடத்தில் கையெழுத்திடுவோம். வீட்டுக்கு ஒரு நகல். யானைக்கு நான் எங்கே போவேன்? நாம் நடந்தால் போதும். இந்த முறை மினிட்ஸை அங்கேயே எழுதி, அங்கேயே படித்துக் காட்டுகிறேன்.