இருளில் இறங்கும் விமானம்



கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் நாட்டுப் பழமொழி. வழக்குமன்றத்திற்கென்றே பிறந்தது போலத் தோன்றும் இம்மொழி, இரவில் விமானம் செலுத்துவோருக்கும் முற்றும் பொருந்தும். அதனை ஒரு விபத்தின் வரலாற்றைக் கொண்டு விளக்க விரும்புகிறேன்.

1999ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 16ஆம் நாள். அமெரிக்க ஜனாதிபதியாயிருந்த கென்னடியின் மகன் ஜான் கென்னடி, தம் மனைவியையும் மனைவியின் சகோதரியையும் ஏற்றிக்கொண்டு, தமக்குச் சொந்தமான சிறு விமானத்தில் நியூ ஜெர்சியிலிருந்து புறப்பட்டார். இரவு மணி 8.38, கதிரவன் மறைந்துவிட்டான். மார்த்தாஸ் வினியார்டு என்னும் தீவில் அவர் இறங்க வேண்டும். கரையோரமாகச் சென்றவரை ஊர் விளக்குகள் துணை நின்றன. பின்னர் விமானம் கடலுக்கு மேலே தீவை நோக்கிச் சென்றது. கீழே கருங்கடல், மேலே கரிய வானம், எங்கும் மூட்டம். அடிவானம் தெரியவில்லை என்று அவ்விரவு அப்பகுதியில் பறந்த பிற விமானிகளும் பின்னர் கூறினர். 5,500 அடி உயரத்திலிருந்து இறங்கத் தொடங்கிய விமானம், முடிவில் வலப்புறம் மிகச் சாய்ந்து, நிமிடத்திற்கு 4,700 அடிக்கும் மேற்பட்ட வேகத்தில் கீழ்நோக்கிப் பாய்ந்து கடலில் வீழ்ந்தது. மூவரும் மாண்டனர்.

இயந்திரம் பழுதுற்றதற்குச் சான்று ஏதும் கிடைக்கவில்லை. விமானம் எந்நிலையில் உள்ளது என்பதை விமானியின் உடல் தவறாக உணர்ந்ததே காரணம் என்று 2000ஆம் ஆண்டில் விசாரணை முடிவு கூறிற்று.

உடல் எவ்வாறு தவறாக உணரும்? நம் உட்செவியில் நீர் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்பினால் நீர் பின்தங்கும். அதனால் திரும்புவதை உணர்கிறோம். ஆனால் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டேயிருந்தால், சிறிது நேரத்தில் அந்நீரும் உடன் சுழலும், உணர்வு அற்றுப்போகும். சுழல் நாற்காலியில் கண்ணை மூடி அமர்ந்து, நண்பர் ஒருவரைச் சீராகச் சுழற்றச் சொல்லுங்கள். சற்றுநேரத்தில் சுழற்சி நின்றதாகவே தோன்றும். உண்மையிலேயே நிறுத்தினாலோ, எதிர்ப்பக்கம் சுழல்வதாகத் தோன்றும்! பகலில் கண் இப்பிழையைத் திருத்திவிடுகிறது. அடிவானம் மறைந்த இரவில் திருத்துவார் யார்?

ஓடுபாதை தெரிந்த பின்னும் அபாயம் நீங்குவதில்லை. சுற்றிலும் இருள் சூழ, பாதை விளக்குகள் மட்டும் ஒளிரும்போது, விமானி தாம் மிக உயரத்தில் இருப்பதாக எண்ணி, பாதையை அடையுமுன்பே தரையில் மோதிவிடக்கூடும். ஆகவேதான் பல நிலையங்களில் ஓடுபாதையின் அருகே நான்கு விளக்குகளை வைத்துள்ளனர். இரண்டு வெண்மையாகவும் இரண்டு சிவப்பாகவும் தெரிந்தால் இறங்கும் வழி சரி. நான்கும் சிவந்தால் மிகத் தாழ்ந்துவிட்டோம் என்று பொருள்.

விமானத்தின் உள்ளேயும் செயற்கை அடிவானம், உயரமானி முதலிய கருவிகள் உண்டு. உடல் ஒன்று சொல்லக் கருவிகள் வேறு சொன்னால், கருவிகளையே நம்புதல் வேண்டும். கேட்பதற்கு எளிது, நேர் செல்கிறோம் என்று உடல் முழுதும் கூவும்போது அதனை மறுப்பது மிக அரிது. அதற்கென நீண்ட பயிற்சி தேவை. சுமார் 310 மணி நேரம் பறந்திருந்த கென்னடி அப்பயிற்சியைத் தொடங்கியிருந்தார், முடிக்கவில்லை. அவ்விரவு அவர் பறப்பதைச் சட்டம் தடுக்கவுமில்லை.

சட்டம் தடுக்காத இடத்தில் தன்னைத் தானே தடுத்துக்கொள்ளும் அறிவு ஒன்று உண்டு. "இன்றிரவு வேண்டாம், விடிந்தபின் செல்வோம்" என்று சொல்ல வல்லவரே தேர்ந்த விமானி என்பேன். வானில் பறக்கும் விருப்பம் உங்களுள் பலருக்கு இருக்கும். அவ்விருப்பத்தோடு இவ்வறிவையும் வளர்த்துக்கொள்ளுங்கள்.